கை முகத்துக்குப் போனால் அதிரும் கருவி: வாங்க, செய்ய, பழக

கண்ணைக் கசக்குவது, மூக்கை நோண்டுவது, பருவைக் கிள்ளுவது, நகத்தைக் கடிப்பது, தாடியைத் தடவிக்கொண்டே இருப்பது. இதையெல்லாம் செய்கிறவரிடம் கேட்டால் "நானா?" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. 2015-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்கள் 26 பேரை வகுப்பில் வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார், அதில் 44 சதவீதம் கண், மூக்கு, வாய் என்று கிருமி சுலபமாக உள்ளே போகிற இடங்கள். கிருமியைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளே அப்படி என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு.

இந்தப் பழக்கத்துக்காகவே கையிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. கை முகத்துக்குப் பக்கத்தில் போனதும் லேசாக அதிரும், அவ்வளவுதான் அதன் வேலை. கையைப் பிடித்து நிறுத்தாது, பழக்கத்தை விரட்டாது. தெரியாமல் நடப்பதைத் தெரியவைக்கும். அதிர்ந்த பிறகு கை என்ன செய்யவேண்டும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருக்கவேண்டும். வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளில் மேஜை டிராயரில் போட்டுவிடுவதற்கு இதை யாரும் சொல்லாததே காரணம் என்பது என் அபிப்பிராயம். அதனால் கருவியைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியதையும் சொல்லப்போகிறேன்.

இது எங்கிருந்து வந்தது

கொரோனாவோடு வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முடியைப் பிடுங்கிக்கொள்வது, தோலைக் கிள்ளுவது, நகம் கடிப்பது ஆகியவற்றால் அவதிப்படுகிறவர்களுக்காக அதற்கு முன்பே அமெரிக்காவில் கைப்பட்டைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். மின்னசோட்டாவில் ஒரு நிறுவனம் செய்த 'கீன்' என்ற பட்டை அதில் ஒன்று. சியாட்டிலில் அதே மாதிரிப் பட்டை செய்துகொண்டிருந்த சிலர், 2020 மார்ச்சில் கொரோனா அங்கே பரவியபோது அதைக் கொஞ்சம் மாற்றி 'இம்யூடச்' என்ற பெயரில் 50 டாலருக்கு விற்றார்கள். அதே வருடம் ஜூனில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி பொறியாளர்கள் 'பல்ஸ்' என்று ஒரு கழுத்து மாலையை வடிவமைத்து, செய்முறை, 3டி பிரின்ட் கோப்பு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று இலவசமாக விட்டார்கள். 12 அங்குலத்துக்குள் கை வந்தால் அதிரும், நெருங்க நெருங்க அதிர்வு கூடும்.

அப்புறம் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே, ஏதோ ஒரு பொருளைத் தொட்டு அதன் வழியாகக் கொரோனா தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லிவிட்டது, பரபரப்பும் அடங்கிவிட்டது. ஆனால் கையால் கண்ணுக்குப் போகிற மற்ற தொல்லைகள் எங்கேயும் போய்விடவில்லை. மெட்ராஸ் ஐ ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் துண்டு வழியாகவும் விரல் வழியாகவும் மற்றவர்களுக்கும் வருகிறது. எங்கள் மதுரை கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கிறவர் ஒரு தடவை மறந்து கண்ணைத் தொட்டால் போதும், அன்றைய பொழுது போச்சு. பருவைக் கிள்ளிக் கிள்ளித் தழும்பாக்கிக்கொள்கிற காலேஜ் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கருவிக்கு முன்னால்: எண்ணிப் பாருங்கள்

முதலில் பைசா செலவழிக்காதீர்கள். உங்களோடு உட்கார்ந்திருக்கிற யாரையாவது, அக்காவோ, ரூம்மேட்டோ, கடையில் பக்கத்து சீட்டில் இருக்கிறவரோ, ஒரு மணி நேரம் உங்களைக் கவனித்து ஒரு பேப்பரில் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே எண்ணினால் சரிவராது, எண்ணவேண்டும் என்று நினைத்த உடனேயே கை அடங்கிவிடும். வெறும் எண்ணிக்கை மட்டும் போதாது. எந்தக் கை, முகத்தில் எங்கே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இந்த மூன்றும் வேண்டும். "இடது கை, கன்னம், போன் பார்க்கும்போது" என்று ஒரு வரி வந்தால், எந்தக் கையில் எந்த நேரத்தில் கருவி வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆள் கிடைக்காவிட்டால் லேப்டாப்புக்கு மேலே போனை நிறுத்தி வைத்து வீடியோ எடுத்து, இரவில் வேகமாக ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும்.

இந்த இடத்திலேயே சிலருக்குக் கருவி தேவையில்லை என்று தெரிந்துவிடும். கண் அரிப்பதால் கசக்குகிறீர்கள் என்றால் அது பழக்கம் இல்லை, அலர்ஜியாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு, எத்தனை தடவை அதிர்ந்தாலும் அரிப்பு போகாது. தொடர்ந்து அழுத்திக் கசக்குவதற்கும் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் புடைக்கும் கெரட்டோகோனஸ் என்ற நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதால், சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. முதலில் கண் டாக்டர், அப்புறம்தான் கருவி. புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஏறும் பெரியவர்களை அண்ணாநகர் அரவிந்த் ஆஸ்பத்திரிப் பக்கம் தினமும் பார்க்கலாம். அவர்களுக்கும் கண்ணைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பகலில் கழுத்தில் ஒரு கருவி இருந்தால் நல்லதுதான், ஆனால் இரவில் போட்டுக்கொள்ளச் சொன்ன கண் மூடிக்கு அது மாற்று ஆகாது.

முடியை வழுக்கை விழுகிற அளவுக்குப் பிடுங்குவது, தோலைப் புண்ணாகும்வரை கிள்ளுவது என்று போனால் அது வெறும் கெட்ட பழக்கம் என்று திட்டி ஒதுக்குகிற விஷயம் கிடையாது. சிகிச்சை இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் போகத் தயக்கம் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். அந்தச் சிகிச்சையோடு சேர்த்துக் கருவியையும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகை

கைப்பட்டை வகையில் முடுக்கமானி என்ற சின்னச் சில்லு இருக்கும், உங்கள் போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதே சமாச்சாரம். முன்கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது, முகம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் மாட்டுத்தாவணி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் கோரிப்பாளையம் வரைக்கும் அதிர்ந்துகொண்டே வரும். கட்டிய கைக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பது இன்னொரு குறை, இரண்டு கையாலும் தொடுகிறவர் இரண்டு பட்டை வாங்கவேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் படிக்கிறவருக்கும், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவருக்கும் இதுதான் வசதி. ஏற்கனவே ஸ்மார்ட்வாட்ச் வைத்திருந்தால் இதற்கென்று ஆப் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டை வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

கழுத்து மாலை வகையில் ஒரு அகச்சிவப்பு சென்சார் இருக்கும். ஒளியை அனுப்பி, எதிரே கை வந்தால் திரும்பி வருகிற ஒளியைப் பிடிக்கும். இரண்டு கைக்கும் ஒரே கருவி போதும், செய்வதும் சுலபம், புரோகிராம் எழுதத் தேவையில்லை. வெயில்தான் இதற்கு எதிரி. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் நேர் வெயிலில் சென்சார் குழம்பிவிடும், நம் ஊர் மதிய வெயிலில் வெளிவேலை பார்க்கிறவர் இதை நம்பக்கூடாது. சேலை முந்தானை, துப்பட்டா, தோளில் கிடக்கும் துண்டு எது சென்சார் முன்னால் விழுந்தாலும் விடாமல் அதிரும்.

காந்த வகை என்று ஒன்று உண்டு: கழுத்திலோ கண்ணாடிச் சட்டத்திலோ சின்னக் காந்தம், மணிக்கட்டில் காந்தத்தை உணரும் சென்சார். சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும், ஆனால் பொய் அலாரம் குறைவு. 2020-ல் மெல்போர்னைச் சேர்ந்த வானியற்பியலாளர் ஒருவர் இப்படி ஒன்று செய்யப்போய், அவர் வைத்திருந்த சர்க்யூட் காந்தம் பக்கத்தில் இல்லாதபோது ஒலித்து, பக்கத்தில் வந்தால் அடங்குகிற வகையாகப் போய்விட்டது. வேலை நடக்கவில்லை, பொழுது போகாமல் காந்தத்தை மூக்கில் வைத்து விளையாடி, அது உள்ளே மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் எடுத்தார்கள், உலகமெல்லாம் செய்தி ஆனது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருக்கிற வீட்டிலும், எதையும் வாயில் போடுகிற குழந்தை இருக்கிற வீட்டிலும் இந்த வகையே வேண்டாம்.

லேப்டாப் கேமரா வழியாகப் பார்த்துச் சத்தம் போடும் மென்பொருள்களும் உண்டு. நாள் முழுக்கக் கேமராவைத் திறந்து வைக்க உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி, எனக்கு இல்லை.

நீங்களே செய்வதென்றால்

புதியவருக்கு மாலை வகைதான். டவுன்ஹால் ரோட்டைச் சுற்றியிருக்கிற எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ ஆன்லைனிலோ இவற்றைக் கேளுங்கள்: எதிரே தடை வந்தால் ஒதுங்கிப் போகிற ரோபோ செய்யப் பிள்ளைகள் வாங்குகிற சின்ன ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார் மாட்யூல் ஒன்று (3.3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை ஓடுவதாகப் பார்த்து), போனுக்குள் இருக்கிற மாதிரிக் காயின் வைப்ரேஷன் மோட்டார் ஒன்று, பிசி 557 டிரான்சிஸ்டர், 1என் 4148 டையோடு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 15 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு குட்டி ஸ்விட்ச், 3.7 வோல்ட்டில் 300 எம்.ஏ.எச். அளவு லித்தியம் பாலிமர் பேட்டரி, பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதாக.

பேட்டரியின் பிளஸ் ஸ்விட்ச் வழியாக மாட்யூலின் விசிசி முனைக்கும், மைனஸ் அதன் ஜிஎன்டி முனைக்கும் போகவேண்டும். இணைப்பில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை கை எதிரே வந்தால் அவுட்புட் மின்னழுத்தத்தை மேலே ஏற்றாது, கீழே இறக்கும். அதனால்தான் பி.என்.பி. வகை டிரான்சிஸ்டரான பிசி 557. அதற்கு மூன்று கால்: எமிட்டர், ஸ்விட்ச்சைத் தாண்டி வருகிற பிளஸ்ஸுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் வழியாக மாட்யூலின் அவுட்புட்டுக்கு, கலெக்டர் 15 ஓம் வழியாக மோட்டாரின் ஒரு வயருக்கு, மோட்டாரின் மறு வயர் மைனஸுக்கு. மோட்டாருக்குக் குறுக்கே டையோடை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி வையுங்கள், மோட்டார் நிற்கும்போது கிளம்பும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். 15 ஓம் எதற்கு என்றால், முழுசாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட் கொடுக்கும், மோட்டாரோ 3 வோல்ட்டுக்கானது.

சார்ஜ் பண்ண டிபி 4056 என்ற மலிவான மாட்யூலைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். அது கடையிலிருந்து வரும்போது 1 ஆம்பியர் வேகத்துக்கு அமைத்திருக்கும், 300 எம்.ஏ.எச். பேட்டரிக்கு அது மூன்று மடங்குக்கு மேல், சூடாகி உப்பிவிடும். அதிலிருக்கிற 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் ஏறக்குறைய 130 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். கை வராவிட்டால் போன் சர்வீஸ் கடையில் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டே சார்ஜ் போடாதீர்கள். மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காரிலோ பைக் டேங்க் கவரிலோ வைக்காதீர்கள். உப்பின பேட்டரியை அமுக்கிப் பார்க்காமல் தனியே எடுத்து வையுங்கள், குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடக்கி, மோட்டாரை நெஞ்சில் படுகிற பின்பக்கத்தில் ஒட்டுங்கள். நடுவில் தொங்கினால் அதிர்வு டப்பாவுக்குள்ளேயே அடங்கிவிடும், உங்களுக்கு வராது. சென்சார் நேர் எதிரே பார்க்கக்கூடாது, சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும், இல்லையென்றால் மேஜையைப் பார்த்து அதிரும். மாட்யூலில் இருக்கிற சின்ன நீலப் பெட்டியின் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, 15 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் கை வந்தால் மட்டும் அதிரும்படி வையுங்கள். கயிறு பருத்தியில் இருக்கட்டும், நம் ஊர் வியர்வைக்கு நைலான் கயிறு கழுத்தை அறுத்துவிடும்.

கைப்பட்டைதான் வேண்டும் என்றால் அர்டுயினோ நானோ என்ற புரோகிராம் ஏற்றுகிற சின்ன போர்டும் எம்பியு 6050 முடுக்கமானியும் போதும். கை தொங்கும்போது முன்கை நீளவாக்கில் ஒரு அளவு வரும், கையைத் தூக்கினால் அதே அளவு எதிர்த்திசைக்குப் போகும். அது ஒரு எல்லையைத் தாண்டி அரை நொடி அங்கேயே நின்றால் மோட்டாரை ஓட்டு என்பதுதான் முழு புரோகிராமும். அந்த அரை நொடியை விட்டுவிட்டால் கை வீசி நடக்கும்போதெல்லாம் அதிரும்.

எப்போது மாட்டக்கூடாது

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வெளிநாட்டில் வடிவமைத்த எந்தப் பட்டையும் ஒவ்வொரு கவளத்துக்கும் அதிரும், பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் போட்டு எடுக்கிறவரைப் பைத்தியமாக்கிவிடும். அதோடு முடியவில்லை. முகத்து வியர்வையைத் துண்டால் துடைக்கிறோம், திருநீறு பூசுகிறோம், மீனாட்சி அம்மன் சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், கண்ணாடியைச் சரிசெய்கிறோம், தலை வாருகிறோம், போனைக் காதில் வைக்கிறோம். இத்தனைக்கும் அதிர்ந்தால் சீக்கிரமே உடம்பு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும், வீட்டு வாசலில் எப்போதும் குரைக்கிற நாயை யாரும் எட்டிப்பார்க்காத மாதிரி.

ஆகவே நாள் முழுக்க மாட்டாதீர்கள். முதலில் பேப்பரில் போட்ட கோடுகளைப் பார்த்து, எந்த நேரத்தில் கை அதிகம் போகிறதோ அந்த நேரத்துக்கு மட்டும். படிக்கிற மாலை ஒரு மணி நேரம், கடையில் கூட்டமில்லாத மதியம், டிவி பார்க்கிற இரவு, இப்படி ஒன்றே ஒன்று. சாப்பாட்டுக்கும் சாமி கும்பிடவும் கழற்றி வையுங்கள். வண்டி ஓட்டும்போது கட்டாயம் வேண்டாம், சிம்மக்கல் நெரிசலில் கவனம் சிதற வேறொன்று தேவையில்லை.

அதிர்ந்ததும் என்ன செய்வது

1973-ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். நகம் கடிப்பது, முடி பிடுங்குவது போன்றவற்றுக்கு இன்றும் அதன் அடிப்படையில்தான் சிகிச்சை தருகிறார்கள். அதில் இரண்டு விஷயம் நமக்குப் போதும். ஒன்று, கை கிளம்புவதைக் கவனிப்பது, அதைக் கருவி பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, முகத்துக்குப் போகவே முடியாத ஒரு வேலையை அந்தக் கைக்கு உடனே கொடுப்பது. 'தொடாதே' என்று கைக்கு உத்தரவு போட்டால் அது கேட்காது, வேறு வேலை கொடுத்தால் கேட்கும்.

அந்த வேலை யாருக்கும் வித்தியாசமாகத் தெரியக்கூடாது, பொருள் தேடி ஓடவைக்கவும் கூடாது. விரல்களை மடக்கி முஷ்டியாக்கித் தொடைமேல் அழுத்தி வைப்பது, இரண்டு கையையும் கோத்துக்கொள்வது, முந்தானை நுனியையோ துண்டு நுனியையோ பிடித்துக்கொள்வது, பேனாவை இறுக்கிப் பிடிப்பது, எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே செய்யுங்கள். குறைந்தது ஒரு நிமிடம் பிடியுங்கள். இரண்டு நொடியில் விட்டால் கை நேராகக் கன்னத்துக்குத்தான் போகும். கருவியை மாட்டுவதற்கு முன்பே இதைச் சும்மா சில தடவை ஒத்திகை பாருங்கள்: கையைப் பாதிவரை தூக்கி, அங்கிருந்து திருப்பி, முஷ்டி. முட்டாள்தனமாகத் தோன்றும், ஆனால் அதிர்வு வந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருந்தால் அதற்குள் விரல் மூக்கில் இருக்கும்.

அதிர்ந்ததும் தன்னையே திட்டிக்கொள்வது வேண்டாம். எரிச்சல் வந்தால் கருவியைக் கழற்றுவீர்களே ஒழிய கையை இறக்கமாட்டீர்கள்.

வாரம் ஒருமுறை அதே ஆளை, அதே நேரத்தில், கருவி இல்லாமல் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். கருவி மாட்டியிருக்கும்போது குறைவது பெரிய விஷயமில்லை, கழற்றியபின் குறைந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. குறைந்தால் அடுத்த நேரத்துக்கு மாற்றுங்கள். கொஞ்சமும் குறையவில்லை என்றால் அதிர்வு உங்களுக்குத் தெரிகிறதா, கைக்குக் கொடுத்த வேலை சரியா என்று இந்த இரண்டை மட்டும் பாருங்கள், விலை கூடின கருவிக்குத் தாவாதீர்கள்.

பிள்ளைகளுக்கு

விரல் சூப்புகிற பிள்ளைக்கு விரலில் வேப்பெண்ணெய் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். இந்தக் கருவியையும் அதே மனசோடு கட்டிவிடுகிறார்கள், தண்டனையாக. பிள்ளைக்கு விருப்பமில்லாமல் கட்டினால் அது கையை மாற்றிக்கொள்ளும், அல்லது நீங்கள் இல்லாத நேரத்தில் கழற்றிவிடும். எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அதற்கு மேல் என்றால் எண்ணுகிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள், முதலில் அப்பாவை எண்ணச் சொல்லுங்கள், அப்பா எத்தனை தடவை மூக்கைத் தொடுகிறார் என்று தெரிந்தால் அதற்கு ஆர்வம் தானாக வரும். நேரம், கை, மாற்று வேலை மூன்றையும் அதுவே முடிவு செய்யட்டும்.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டி அனுப்பும்முன் வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அமைதியான வகுப்பில் மோட்டார் மேஜைமேல் பட்டால் நன்றாகவே சத்தம் கேட்கும். நீட் மாதிரித் தேர்வுகளில் கையில் வாட்ச்கூடக் கட்ட விடமாட்டார்கள், இதையும் வாசலிலேயே கழற்றத்தான் வேண்டும். தேர்வு பதற்றத்தில் நகம் கடிக்கிற பிள்ளை என்றால் மாதிரித் தேர்வு எழுதும் காலத்திலேயே கருவியோடு பாதி, கருவி இல்லாமல் பாதி என்று பழக்கிவிடுங்கள்.